சாம்பல் நிறக் கன்றுகள்

அனுப்புநர்:
டோரீன் வோபோரில்,
வோபோரில் மாட்டுப் பண்ணை,
ஆல்டர் க்ரீக், நெப்ராஸ்கா.

பெறுநர்:
கால்நடை விற்பனை ஆய்வாளர் அவர்கள்,
மாவட்ட அலுவலகம்.

பொருள்: பொலிகாளையின் இனத்தை மறைத்துச் சினைக் கிடாரிகளை விற்றது, சனிக்கிழமை ஏலத்தில் தலையிடக் கோருதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. வறட்சியில் பாதி மந்தையை விற்றுவிட்ட நான், சென்ற டிசம்பரில் எங்கள் ஊர் ஏலக் கூடத்தில் கிளின்ட் ஹாஸெக் என்பவரின் கறுப்பு ஆங்கஸ் இனச் சினைக் கிடாரிகளை வாங்கினேன். தலையீற்றுக்கு ஏற்றபடி, சிறிய கன்று தரும் ஆங்கஸ் காளையோடு சேர்த்தவை என்று அறிவிக்கப்பட்டது. நான் கால்நடை அறிவியல் படித்தவள். எதையும் எளிதில் நம்புவதில்லை. சினைச் சான்றையும் தடுப்பூசிக்கான காதுவில்லைகளையும் நானே சரிபார்த்தேன். உள்ளூரார் எவரும் எனக்கு எதிராக ஏலம் கேட்கவில்லை. அதிர்ஷ்டம் என்று எண்ணினேன்.

2. இம்மாதத் தொடக்கத்தில் முதல் கிடாரி ஈனத் தொடங்கியது. வெளியே வந்த கன்றுக் கால்களின் பருமனைக் கண்டு திடுக்கிட்டேன். சங்கிலி கட்டி இழுத்தும் கன்று இறந்தே பிறந்தது. அதன் நிறம் வெளிர்சாம்பல். கறுப்புக் காளைக்கு அப்படிப் பிறக்காது. அது பேருடல் கொண்ட வெள்ளைச் சரோலே இனக் காளையின் கன்று. தாய் பிறகு எழுந்திருக்கவேயில்லை. அடுத்தடுத்து ஈன்றவற்றுக்கும் அதே நிறக் கன்றுகள். சிலவற்றை மருத்துவர் வயிற்றைத் திறந்து காப்பாற்றினார். எல்லாவற்றையும் அல்ல.

3. ஹாஸெக்கைத் தொலைபேசியில் கேட்டேன். "காளை என்கிட்ட அனுமதி வாங்கிட்டா ஏறுச்சு, அம்மணி?" என்றார்.

4. இதைவிடப் பெரிய அதிர்ச்சி தீவனக் கடையில் காத்திருந்தது. பக்கத்துப் பண்ணை ஆர்லன் டாஃப்ட், ஏலத்தன்று என் அருகிலேயே அமர்ந்திருந்தவர், காப்பியைக் கலக்கியபடி சொன்னார்: "அந்த வெள்ளைக் காளை வேலிய ஒடச்சுக்கிட்டு கோடை முழுக்க ஹாஸெக்கோட கிடாரிங்களோடதான் கெடந்துச்சு, டோரீன். எல்லாருக்கும் தெரியுமே. நீ தெரிஞ்சுதான் வாங்குறேன்னு நெனச்சோம். படிச்சவளாச்சே." பக்கத்து மேசையில் சிரித்தார்கள்.

5. அடுத்தவர் மாட்டைக் கூடத்தில் யாரும் குறைசொல்வதில்லை. ஏலம் கேட்காமல் இருப்பதே இங்கு எச்சரிக்கை. இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியும். அன்று நான் சான்றிதழ்களைப் படித்துக்கொண்டிருந்தேன்.

6. தாமதமாக ஈனவிருக்கும் மீதிக் கிடாரிகளை ஹாஸெக் வரும் சனிக்கிழமை விற்கிறார். அயோவாவிலிருந்து புதிதாகக் குடிவந்த ப்ரூயிட் தம்பதி தங்கள் முதல் மந்தைக்காக அவற்றைப் பார்த்துச் சென்றதாக அறிகிறேன். எங்கள் மௌனத்தைப் படிக்க அவர்களுக்கு வழியே இல்லை.

7. எனவே அந்தத் தொகுதியை நிறுத்திவைத்துச் சோதிக்க வேண்டுகிறேன். மரபணுச் சோதனைக்காக இறந்த கன்றின் காதுத் துண்டைக் குளிரில் பாதுகாத்து வைத்துள்ளேன். நிறுத்த இயலாவிடில், ஏலம் தொடங்குமுன் காளையின் இனத்தைக் கூடத்தில் உரக்க அறிவிக்க ஆணையிடுங்கள்.

8. என் கிடாரிகளில் பாதி இன்னும் ஈனவில்லை. அவற்றின் வயிற்றில் இருப்பதை இனி எவரும் மாற்ற முடியாது. சனிக்கிழமை நான் முன்வரிசையில் இருப்பேன். தங்கள் ஆணை வராவிட்டால் நானே எழுந்து சொல்வேன். அதன்பிறகும் இதே மனிதர்களிடையேதான் நான் வாழ வேண்டும். ஆகவே, அதை அரசு சொல்வதையே விரும்புகிறேன்.

இடம்: ஆல்டர் க்ரீக்
நாள்: மார்ச் 19

சனிக்கிழமைக்குள் பதிலை எதிர்பார்க்கும்,
(ஒப்பம்)
டோரீன் வோபோரில்