தேன் நிற டம்ளர்

ராஜகீழ்ப்பாக்கம்,
ஞாயிறு

அன்பு மகள் ஜெனிக்கு,

அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையில் அப்பாவும் நானும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளை ஸ்டெபினும் குழந்தை எபியும் சுகமாக இருக்க வேண்டும் என்று முழங்கால் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். நேற்று போனில், எபிக்கு நான் செய்து அனுப்பிய தேன் நிற டம்ளரில் விரிசல் இருக்கிறது, எடுத்து மேலே வை என்றேனே, அது பொய். அந்தக் கண்ணாடியில் காரீயம் இருக்கிறது. வாயால் சொல்லத் தைரியம் வரவில்லை, இந்தக் கடிதத்தை போட்டோ எடுத்து அனுப்பும்படி அப்பாவிடம் சொல்கிறேன். நாளைக்கே குழந்தையை டாக்டரிடம் கொண்டுபோய் ரத்தத்தில் காரீயம் பார்க்கச் சொல்.

கண்ணாடி உருக்கும் நம் ஷெட்டில் கலர்ப்பொடி எதுவும் வாங்கிச் சேர்ப்பதில்லை என்பது உனக்குத் தெரியும், ஏரியில் அள்ளின ஆகாயத்தாமரையை எரித்த சாம்பல், கிளிஞ்சல், மணல், நிறத்துக்குக் கரை மண், அவ்வளவுதான். எப்போதும் அழுக்குப் பச்சைதான் வரும். போன வருஷம், நம் ஷெட்டில் வேலை செய்யும் எல்லம்மா ஏரிக்கரையில் ஒரு காம்பவுண்டுச் சுவர் ஓரத்தில் அள்ளி வந்த மண்ணைப் போட்டதும் சீக்கிரமே உருகி, தேன் மாதிரி பளபளவென்று வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை, இனிமேல் அங்கேயே அள்ளு என்று நான்தான் சொன்னேன். முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி எடுத்தவள் நான். காரீயம் சேர்ந்தால் கண்ணாடி சீக்கிரம் உருகும், மினுங்கும் என்று போர்டில் எழுதிப் போட்டவள், கண் முன்னால் மினுங்கியபோது நம் ஏரி கொடுத்த நிறம் என்று பெருமை பேசினேன். அந்த மண்ணைக் காயவைத்துச் சலித்தது எல்லம்மா. மாஸ்க் கொடுத்தேன், மூச்சு முட்டுகிறது என்று கழற்றினாள், நானும் விட்டுவிட்டேன். வயிற்றுவலி என்றாள், வெந்தயம் முழுங்கச் சொன்னேன். மணிக்கட்டு தொங்கிச் சல்லடை நழுவியபோது கவனம் எங்கே இருக்கிறது என்று திட்டினேன், ஜெனி. போன வாரம் ஷெட்டிலேயே விழுந்துவிட்டாள். டாக்டர் அவள் வேலையை விசாரித்து ரத்தம் எடுத்தார், காரீயம், ரொம்ப அதிகம். அதற்கு அப்புறம்தான் பக்கத்து வீட்டு லோகநாதன் வந்து, "அந்தச் செவுத்துக்குப் பின்னால பழைய பேட்டரி ஒடச்சிகினு இருந்தாங்களே, உங்களுக்குத் தெரியாதா டீச்சர்?" என்றார். அள்ளச் சொல்வதற்கு முன் நான் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காரீயம் உருகின கண்ணாடிக்குள் கட்டுப்பட்டுத்தான் இருக்கும் என்று மனசைத் தேற்றிப் பார்த்தேன், புளிப்பு பட்டால் கசியும் என்பதும் தெரியுமே. எபி அதில் ஆரஞ்சு ஜூஸ் குடிக்கிற வீடியோவை சர்ச்சில் எல்லோருக்கும் காட்டினேன். அப்பா, நம்மிடம் வாங்கினவர்கள் வீடு வீடாக, அஸ்தினாபுரம் வரை ஸ்கூட்டரில் போய் டம்ளர்களைத் திரும்பக் கேட்கிறார், காரணத்தைச் சொல்லித்தான் கேட்கிறார், என்னை மாதிரி இல்லை. ஆஸ்பத்திரியில் எல்லம்மாவின் கை போர்வைமேல் போட்டது போட்டபடி கிடக்கிறது, அவள் அக்கா அம்மணிதான் சோறு ஊட்டுகிறாள். டாக்டர் சொன்னது எல்லம்மாவுக்குப் புரியவில்லை, குடித்த தண்ணீரில் ஏதோ என்று நினைத்திருக்கிறாள். இன்று என்னைப் பார்த்ததும், "வேற ஆள் வெச்சிடாதீங்க டீச்சர், கை சரியானா வந்துடறேன்" என்றாள். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். நாளைக் காலையில் போய் உண்மையைச் சொல்லப்போகிறேன்.

எபிக்குப் பால், முட்டை, கீரை நிறையக் கொடு. டம்ளரைக் குப்பையில் போடாதே, டாக்டரிடம் காட்டு. உங்கள் மூன்று பேரையும் கர்த்தர் காக்கட்டும், நான் அனுப்பி வைத்ததிலிருந்தும் காக்கட்டும். என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ரிசல்ட் வந்ததும் சொல், எதுவாக இருந்தாலும் சொல், நான் சொன்ன மாதிரி நீயும் எனக்குப் பொய் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா