பக்கெட்டின் அடியில் ரோஸ் துணி

ஏனுங்க,

கம்பெனியிலிருந்து வந்ததும் சாப்பிட்டுவிடுங்கள். அரிசிம்பருப்பு சாதம் மூடி வைத்திருக்கிறேன். பீரோ சாவியைத் தேடாதீர்கள், என்னிடம் இருக்கிறது.

மண்வளக் குழுவில் சேர்ந்து இரண்டு மாதமாக, ஞாயிறுதோறும் சமையல் கழிவைப் பொங்கலூர் உரக்குழிக்கு எடுத்துப் போகிறீர்கள். குடித்த டம்ளரைக்கூடக் கழுவாதவர், பக்கெட்டைப் பளபளவென்று கொண்டுவருகிறீர்கள். அதனால் சந்தேகம் வந்து, வாராவாரம் அதன் அடியில் ஒரு பிடி ரோஸ் கலர் லைக்ரா துணிக் கட்டிங் வேஸ்ட் போட்டு அனுப்பினேன். லைக்ரா மக்காது. நீங்கள் நிஜமாகவே அங்கே போயிருந்தால் அது குழியில் கிடக்க வேண்டும். பார்த்துவிட்டு வருகிறேன்.

சாந்தாமணி

இடமில்லாததால் ஓரத்தில் எழுதுகிறேன். வழி கேட்கக் குழுவுக்குப் போன் செய்தேன். நதியா என்று ஒரு பெண் எடுத்தாள். "உங்க ஊட்டுக் கழிவுல வாரம் தவறாம ரோஸ் துணி வருதுங்க அக்கா. அண்ணன் உக்காந்து ஒன்னொன்னாப் பொறுக்கி எடுத்துட்டுத்தான் குழியில கொட்டறாருங்க" என்றாள்.

யார் போட்டது என்று தெரிந்தும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே நீங்கள்.

நெய் மேல் தட்டில் இருக்கிறது, ஊற்றிக்கொள்ளுங்கள். பக்கெட்டைக் கழுவுவது யாரென்று அவளிடம் கேட்க மறந்துவிட்டேன். நேரில் கேட்டுக்கொள்கிறேன்.