மூன்று முறை கேட்டாலும் தராத தொப்பி

மச்சான்,

உன் நீலத் தொப்பி என் சமையலறை மேசையில் கிடக்கிறது. உள்பட்டியில் இன்னும் வியர்வை மணம். மூக்கருகே கொண்டுபோனால் ஹொல்ஸ்டெப்ரோ ஊர் மைதானத்தில் புல் வெட்டிய நாள் நினைவுக்கு வருகிறது. வயிறும் பழையபடி எரிகிறது.

எண்பதுகளின் நடுப்பகுதி. இந்தக் குளிர் நாட்டுக்கு வந்த புதிதில், அகதி முகாமின் பின்வளவில் நாம் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தோம். ஊர்க் கழகத்தின் பயிற்சியாளர் வேலியோரம் நின்று பார்த்தார். என் துடுப்பாட்டத்தைத்தான் பார்த்தார். யாழ்ப்பாணத்தில் பாடசாலை அணிக்கு நான் தலைவன். நீ பன்னிரண்டாவது ஆள், எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவன். அவர் நேரே என்னிடம் வந்து, தங்கள் கழகத்துக்கு விளையாட வருகிறாயா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் சிரித்துக்கொண்டு, வேண்டாம், நன்றி என்றேன். தேநீர் குடிக்கிறாயா என்று கேட்டாலே முதலில் வேண்டாம் என்பதுதானே நமக்கு மரியாதை? மூன்றாம் முறை கேட்டால்தான் கோப்பையைத் தொடுவோம். அந்த மனிதர் இரண்டாம் முறை கேட்கவேயில்லை. தலையாட்டிவிட்டு உன் பக்கம் திரும்பினார். அவர் கேட்டு முடிக்கமுன் நீ "யா, யா!" என்றாய்.

"ஒரு பேச்சுக்குக்கூட வேண்டாமெண்டு சொல்லேல்லையேடா?" என்றேன் பிறகு.

"பசிக்கிறவன் எத்தினை தரம் வேண்டாமெண்டு சொல்லுறது?" என்றாய்.

அந்தக் கோடை முழுக்கத் துடுப்பாட்டக்காரனுக்குக் கிட்ட நின்று பந்து பிடித்தாய். துடுப்பு உனக்குக் கடைசிவரை சரிவரவில்லை. ஆனால் நிலத்தை உரசி வருவதையெல்லாம் பாய்ந்து அள்ளினாய். கழகம் தந்த இந்த நீலத் தொப்பியோடு உள்ளூர்ப் பத்திரிகையில் உன் படம் வந்தது. நான் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று கைதட்டிக்கொண்டே, பந்து உன் கையிலிருந்து நழுவ வேண்டுமென்று மாதாவை மன்றாடினேன். மாதா கேட்கவில்லை. இடைவேளையில் உனக்குத் தண்ணீர் கொண்டுவந்தவன் நான்.

அடுத்த வருடம் பிராண்டே ஊரில் உனக்குத் தொழிற்சாலை வேலை கிடைத்தது. சனிக்கிழமையும் வேலை. உன் ஆட்டம் அந்த ஒரு கோடையோடு சரி. அந்தச் செய்தி கேட்ட அன்று நான் நன்றாக நித்திரை கொண்டேன்.

போன கிழமை உன் அடக்கத்துக்கு அந்தப் பயிற்சியாளர் பொல்லூன்றி வந்திருந்தார். என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "நீதானே அந்த நல்ல துடுப்பாட்டக்காரன், விளையாட விருப்பமில்லாதவன்?" என்றார். இத்தனை காலமும் அவர் அப்படித்தான் நினைத்திருக்கிறார். அப்போதும் உன் சவப்பெட்டியைப் பார்த்து எனக்குப் பொறாமைதான் வந்தது, மச்சான். அதன்மேல் இந்தத் தொப்பி இருந்தது.

எல்லாம் முடிந்தபின் தேவாலய மண்டபத்தில் உன் மனைவி அதை என்னிடம் நீட்டினாள்.

"அண்ணை, இதை நீங்கள் வச்சிருக்கிறியளோ?"

"ஓம்" என்றேன், அவள் வாய் மூடமுன்.

என் தலைக்கு இது சின்னது. இப்போது இறுக்கி அமர்த்திப் போட்டுக்கொண்டேன், நெற்றி நோகிறது. உன் மகனே வந்து மூன்று முறை கேட்டாலும் கழற்றிக் கொடுக்கமாட்டேன்.