கரும்பு வண்டிக்காக நின்ற கார்

6 பிப்ரவரி 1938, ஞாயிறு

நடந்ததை அப்படியே எழுதப்போகிறேன், அண்ணன் செய்ததையும் மறைக்காமல்.

நாமக்கல் சாலையில் கார்ப் பந்தயம். அண்ணனும் ஓட்டினான். ஒரு மைல் தூரத்தைப் போகவும் வரவும் ஓட்டி, இரண்டு நேரத்தையும் கூட்டுவார்கள். காற்று ஒருவருக்கே உதவக்கூடாது அல்லவா? நேரம் பார்க்கும் கடிகாரம் என்னிடம் இருந்தது.

ராசிபுரத்துச் செல்வராஜ் திரும்பி வரும்போது கரும்பு வண்டி ஒன்று குறுக்கே வந்தது. பிரேக் போட்டு நின்றுவிட்டார். வழி மறித்தால் மறுபடி ஓட்டலாம் என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட வழக்கம்.

"இன்னொருக்கா ஓட்டிக்கறனுங்க," என்றார்.

"மாடு வந்தது உங்க தலையெழுத்துங்க!" என்றான் அண்ணன். கூட்டாளிகள் கைதட்டிச் சிரித்தார்கள்.

காலையில் அண்ணனுடைய டயர் வெடித்தபோது தன் ஸ்டெப்னியைக் கழற்றிக் கொடுத்தவர் அந்தச் செல்வராஜ்தான். அந்தச் சக்கரத்தில் ஓடித்தான் இவன் ஜெயித்தானாம்! எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

நேரம் பார்த்தவர் கையெழுத்துப் போட்டால்தான் கோப்பை. சற்றுமுன் அண்ணன் நேரம் எழுதிய காகிதத்தோடு வந்தான்.

"போட்டுக் குடு சாமி."

"அவரு மறுபடி ஓட்டட்டும், போடறனுங்க."

"நீ எனக்குத் தங்கச்சியா, அவனுக்கா?"

"கடியாரத்துக்குங்க."

காகிதத்தை என் மேசையில் அறைந்து வைத்தான். கையெழுத்தில்லாமல் அதை நாளைக் காலை செல்வராஜுக்கே அனுப்பப்போகிறேன். அப்பாவிடம் அடி வாங்கினாலும் ச

அண்ணன் வந்து விளக்கை அணைத்துவிட்டான். இதை இருட்டிலேயே எழுதுகிறேன்.