அய்யாவின் மெஷினும் தம்பியின் மீட்டரும்

ஐப்பசி 9, திங்கள்

காலையிலிருந்து தூறல். மிளகாய்க்கு நல்லது, கரண்ட்டுக்கு ஆகாது. எத்தனை தடவை போனதோ. அய்யாவின் ஆக்ஸிஜன் மெஷின் புது இன்வெர்ட்டரில் உறுமிக்கொண்டே ஓடியது. தம்பி முருகேசன் வயரிங் வேலைக்குப் போகிறவன். மீட்டர் வைத்துப் பார்த்தான். 180.

"வோல்ட்டு பத்தலக்கா. அதான் முக்குது."

மூடியைக் கழற்றி, உள்ளே இருந்த திருகைத் திருகி 230-க்குக் கொண்டுவந்தான். நிம்மதி.

பேட்டரித் தண்ணீர், அய்யாவுக்கு ரஸ்க் வாங்கணும்.

ஐப்பசி 11

மதியம் கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் கருகல் வாடை. மெஷின் நின்றுவிட்டது. அய்யா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு வாங்குகிறார். விசிறினேன். விசிறி என்ன ஆகப்போகிறது. ஆட்டோவில் கடலாடி ஆஸ்பத்திரி. சிலிண்டர் வைத்தார்கள்.

ஐப்பசி 12

மெஷினைத் தூக்கிக்கொண்டு ராமநாதபுரம். மெக்கானிக் திறந்ததும் கேட்டார், "இன்வெர்ட்டர்ல வோல்ட்டைக் கூட்டுனீங்களா?"

தன் கடையிலேயே இரண்டு மீட்டரை வைத்துக் காட்டினார். வீட்டுக் கரண்ட்டில் இரண்டும் ஒன்றுபோல 230. அவருடைய மலிவு இன்வெர்ட்டரில் சாதா மீட்டர் 180, ட்ரூ ஆர்.எம்.எஸ். மீட்டர் 230. வீட்டுக் கரண்ட் வளைந்து வளைந்து வருமாம். இது படிக்கட்டு மாதிரி வெட்டி வெட்டி, மெஷின் உறுமுவது அதனால்தானாம். சாதா மீட்டருக்கு எல்லாமே வளைவுதான், அந்தக் கணக்கையே போடும். மற்றது வருவதை வருகிறபடி அளக்கும்.

"உங்க மீட்டர்ல 180 காட்டுனதே சரிம்மா. 230 வச்சப்ப நெசத்துல 290 கிட்ட ஓடியிருக்கும்."

கோபம் வந்தது. யார்மேல் காட்டுவது? மீட்டர்மேலா?

பார்ட்ஸ் மதுரையிலிருந்து வரணும். அதுவரைக்கும் வேறு மெஷின் கொடுத்தார். "என்கிட்ட இது ஒண்ணுதான் இருக்கு. பாத்துக்கங்க."

ஐப்பசி 14

அய்யா நேற்று வீடு வந்துவிட்டார். இன்று லைனில் வேலை, சாயங்காலம் வரை கரண்ட் இல்லை என்று நேற்றே சொல்லிவிட்டார்கள்.

காலையில் முருகேசன் வந்தான். அதே மீட்டர். வேறு மீட்டருக்கு எங்கே போக? மெஷினையும் மெயினையும் அணைத்துவிட்டு, திருகைத் திருப்பி 180-ல் நிறுத்தினான்.

"கம்மியா இருக்கேக்கா."

"இருக்கட்டும்ல. மெக்கானிக் அப்படித்தான் சொன்னாரு."

"அவரு சொன்னது தப்பா இருந்தா?"

அதற்குள் கரண்ட் போய்விட்டது. மெஷின் சுவிட்சில் கை வைத்தவன் எடுத்துக்கொண்டான். "நீயே போடுக்கா."

அய்யா வாயால் மூச்சு வாங்கியபடி சுவிட்சையே பார்த்தார்.

போட்டேன். உறுமுகிறது. முருகேசன் மெஷின் பக்கத்தில் குத்தவைத்து மோந்து பார்க்கிறான். நானும்தான்.