ஹிப்ஹாப் நிலைக்காது என்கிறான் ஜெரால்டு

2007 ஜூன் 3, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மேல்காற்று. கொடியில் போட்ட சட்டை பக்கத்து வீட்டு முருங்கையில். குழாயில் இன்றும் தண்ணீர் இல்லை.

மதியம் நாகல்நகர், கண்ணன் வீட்டு மாடி அறை. மாதத்தில் ஒரு ஞாயிறு நாங்கள் மூன்று பேரும் கூடுவது. கண்ணன், ஜெரால்டு, நான். ஒரு ஆல்பம், முதலிலிருந்து கடைசி வரை. நடுவில் பேச்சு கூடாது. முடிந்ததும் சண்டை. கல்லூரி முடித்ததிலிருந்து இதுதான் ஏற்பாடு. குரலே இல்லாத ஹிப்ஹாப்பை உட்கார்ந்து கேட்கிற ஆட்கள் திண்டுக்கல்லில் நாங்கள் மூன்று பேர்தான். நாலாவது ஆள் இருந்தால் அவனை வீட்டில் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

இன்றைக்கு நீல அட்டை சிடி. பழைய இசைத்தட்டுகளிலிருந்து துண்டு துண்டாக வெட்டி எடுத்து, மேலே டிரம்ஸ் வைத்து ஒட்டிய ஆல்பம். ஜெரால்டு வேலை தேடி பெங்களூர் போய்த் திரும்பியபோது கொண்டுவந்தது. எங்கள் மூன்று பேருக்கும் இந்தப் பைத்தியம் பிடித்ததே அந்த சிடியால்தான்.

முடிந்ததும் ஜெரால்டு: "குப்பைலே."

விளையாட்டு என்று நினைத்தேன். இல்லை.

"இது மட்டுமில்ல. பாட்டே இல்லாத இந்த ஆல்பம் அம்புட்டும் பத்து வருசம் தாங்காது. ஒரு துண்டு டிரம்ஸ், அதையே செக்குமாடு மாதிரி சுத்தவிடுறது. நமக்கு வயசு இருந்துச்சு, கேட்டோம். இப்பக் கேட்டா ஒண்ணுமே இல்ல."

"சினிமாப் பாட்டு மட்டும் தாங்குதா? போன வருசத்து வரிய இன்னைக்குப் பாடுனா கொமட்டுது. முதல்ல கெட்டுப்போறது வார்த்தைதாம்லே. இதுல கெட்டுப்போக வார்த்தையே இல்ல" என்றேன்.

"வார்த்தை போனாலும் முணுமுணுக்க ஒரு மெட்டு மிஞ்சும். இதுல எதை முணுமுணுப்ப? டொக்கு டொக்குன்னா?"

கண்ணன்: "ரெண்டு பேரு சொல்றதும் சரிதான்." இவனைப் பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டால் ஆட்டையும் ஓநாயையும் ஒரே கயிற்றில் கட்டிவிட்டுப் போவான்.

ஏழாவது பாட்டைச் சொன்னேன். இடது பக்கம், ரொம்பத் தூரத்தில், ஒரு பெண் சிரிப்பாள். வெட்டி எடுத்த பழைய தட்டில் இருந்தவள். இத்தனை வருடம் கேட்டும் போன மாதம்தான், நான் வேலை பார்க்கிற வீடியோ ஸ்டுடியோவின் ஹெட்போனில் பிடித்தேன். இன்னும் புதிதாகக் கிடைத்துக்கொண்டிருக்கிற ஒன்று எப்படிச் செத்துப்போகும்?

"எந்தப் பொம்பள?" என்றான் ஜெரால்டு.

கண்ணன் ஹெட்போன் எடுத்து ஆளுக்கொரு தடவை திரும்பப் போட்டான். சிரித்தாள். கண்ணனுக்குக் கேட்டது. எனக்குக் கேட்டது. ஜெரால்டு எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ரெண்டு பேரும் சேந்து நாடகம் போடுறீங்களாலே? அங்க ஒருத்தியும் இல்ல."

செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டான். காபி அப்படியே. ராஸ்கல்.

ஜூன் 4, திங்கள்

வேலை. செம்பட்டிக் கல்யாண வீடியோ. பெண்ணின் அப்பா ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டார். மாப்பிள்ளை அழைப்புக் காட்சிக்குக் கீழே நான் போட்ட டிரம்ஸ் பிடிக்கவில்லை.

"என்னப்பா தம்பி, மாப்ள அழைப்புல எவனோ பலகையில ஆணி அடிச்சுக்கிட்டே வாரான்? நாதஸ்வரம் எங்க போச்சு?"

முதலாளி என்னைப் பார்த்த பார்வை. மாற்றிக் கொடுத்தேன். இந்த ஊரில் எல்லாரும் ஜெரால்டுதான்.

அவனுக்கு ஞாயிற்றுக்கிழமையே சொல்லியிருக்க வேண்டியவை. பஸ்ஸில் வரும்போது வந்தன, வழக்கம்போல.

கொட்டு. சாவு வீட்டில் காலையிலிருந்து ஒரே அடி. எவனாவது மெட்டு எங்கே என்று கேட்டானா?

திருட்டு என்பான். வெட்டுகிற இடம்தான் வித்தை. நான் தினமும் கல்யாணத்தை வெட்டுகிறேன், எனக்குத் தெரியும். பெண்ணின் அம்மா கண்ணைத் துடைக்கிறாள். அரை நொடி முன்னால் வெட்டினால் அழுகை. அரை நொடி தள்ளி வெட்டினால் கண்ணில் தூசி.

மிஷின் சத்தம் என்பான். பகல் முழுக்க நூல் மில்லில் நிற்கிறவன், மிஷினைப் பற்றி எனக்குச் சொல்ல வருகிறான்.

தலைவலி. சட்டை இன்னும் முருங்கையில்.

ஜூன் 6, புதன்

ஜெரால்டுக்குப் போன் செய்தேன். நானாகத்தான். தப்பு.

"அந்தப் பொம்பள இருக்காளா இல்லையா, அதச் சொல்லு."

"ஹலோ? ஹலோ?"

திரும்பச் சொன்னேன். கத்தினேன். பிறகு, "இல்லைன்னு சொன்னேன்ல. நீயா ஒரு பொம்பளைய உண்டாக்கிக்கிட்டுக் குடும்பம் நடத்து" என்றான். கட்.

பொய் சொல்கிறான். காதில் விழுந்ததை விழவில்லை என்கிறான், விவாதத்தில் ஜெயிக்க. கருத்து மாறட்டும், யாருக்குத்தான் மாறாது. ஆனால் கேட்டதைக் கேட்கவில்லை என்பவனோடு என்ன பேசுவது? இத்தனை வருடம் இவன் ரசனையை நம்பிச் சிடி வாங்கினேன். பெருமை. மில்லில் சூப்பர்வைசர் ஆனதிலிருந்தே பெருமை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. போன மாதம் பஸ் நிலையத்தில் பின்னாலிருந்து பேர் சொல்லிக் கத்தியும் நேராகப் போனான்.

கண்ணனிடம் சொன்னேன். "விடு மாப்ள, அவனுக்கு வேலையில என்ன பிரச்சனையோ." எனக்கு மட்டும் வேலையில் மல்லிகைப்பூவா?

ஜூன் 10, ஞாயிறு

தாடிக்கொம்பு. கண்ணனின் அக்கா மகனுக்குக் காதுகுத்து. மண்டபத்தில் மின்விசிறி சுழல்கிறது, காற்று இல்லை. கோவிலுக்குள் போகவில்லை, கூட்டம்.

சாப்பாட்டுப் பந்தி. கண்ணன் வேண்டுமென்றே என்னை ஜெரால்டுக்கு இடது பக்கத்து இலையில் தள்ளினான். எதிர் வரிசையில் ஜெரால்டின் மனைவி அமலி, மடியில் குழந்தை. அமலி என்னைப் பார்த்து, "அண்ணே, நீங்க அந்தப் பக்கம் உக்காருங்களேன்" என்று அவன் வலது பக்கத்தைக் காட்டினாள். அங்கே காற்று வருமாம். நான் அசையவில்லை.

சாம்பார் வரை இரண்டு பேரும் பேசவில்லை. ரசத்தில் நான் ஆரம்பித்தேன். வாயைக் கட்ட முடியவில்லை. குனிந்த தலையோடு, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி:

"செத்த காத வச்சுக்கிட்டு இசையப் பத்திப் பேச வந்துட்டான்."

திரும்பவில்லை. அப்பளத்தை நொறுக்கினான். சோற்றைப் பிசைந்தான். ஒரு தசை ஆடவில்லை. என்ன திமிர் என்று நினைத்தேன். நிமிர்ந்தால் அமலி. குழந்தைக்குச் சோறு கொண்டுபோன கை பாதியில் நின்றிருந்தது. அவளுக்குக் கேட்டிருக்கிறது.

கை கழுவும் இடத்தில் பின்னாலேயே வந்தாள்.

"அண்ணே, நீங்க சொன்னது அவருக்குக் கேக்கல."

"கேக்கலைன்னா சந்தோசம்மா."

"கேக்காதுண்ணே. இடது காது போயிருச்சு."

குழாயை மூட மறந்து நின்றேன். அவள்தான் மூடினாள்.

"ரெண்டு வருசமா கொஞ்சங் கொஞ்சமாக் கொறஞ்சுச்சு. பொங்கலுக்கப்புறம் சுத்தமா இல்ல. மில்லு சத்தம்தான். மதுரையில காட்டுனோம், திரும்ப வராதுன்னுட்டாக. இன்னொரு காதையும் பாத்துக்கச் சொன்னாக. மில்லுல தெரிஞ்சா மிஷின் பக்கம் விடமாட்டாகன்னு யார்ட்டயும் மூச்சு விடல. ஒங்ககிட்ட மட்டும் சொல்லவே கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு."

"ஏன் என்கிட்ட மட்டும்?"

"எனக்கென்ன தெரியும்? அன்னைக்கு ஒங்க கூட்டத்துல இருந்து வந்தவரு சாப்பிடவே இல்ல. முன்ன கேட்டது எதுவுமே இப்ப அதுல இல்ல அமலின்னாரு. நான் சிடி தேஞ்சுபோச்சு போலன்னு நெனச்சேன்."

பீடா வாங்காமல் பஸ் ஏறினேன்.

ஜூன் 11, திங்கள்

வருத்தம் வரவேண்டும். கோபம்தான் வருகிறது. கோபத்துக்கு ஆள் இல்லாமல் எல்லார் மேலும் வருகிறது. மில் மேல். நூல் முறுக்கும் மிஷின்கள் வரிசை வரிசையாக ஓடுகிற அந்த ஹாலில் ஆளுக்கு இரண்டு பஞ்சு உருண்டை கொடுக்கத் துப்பில்லை. பஞ்சு வைத்து நடக்கிற தொழில்! கண்ணன் மேல், ஒன்றும் தெரியாமலேயே எல்லாம் சரி என்று சொல்வதற்கு. ஜெரால்டு மேல் அதிகம். அவனைப் பொய்யன் என்று என்னை நினைக்கவிட்டான், எழுதவும் விட்டான். மேலே, புதன்கிழமைப் பக்கத்தில் இருக்கிறது. கோடு போட்டு அடிக்கப்போவதில்லை.

முதலாளி சாப்பிடப் போனதும் ஹெட்போனை வலது காதில் மட்டும் வைத்து, இடது காதில் பஞ்சு அடைத்து, நீல அட்டை சிடியைக் கேட்டேன்.

முதல் பாட்டு: டிரம்ஸ். வேறொன்றும் இல்லை. இரண்டாவது: பியானோவைக் காணோம். அது முழுக்க இடது பக்கம் இருந்திருக்கிறது, கவனித்ததே இல்லை. மூன்றாவதில் ஊசியின் கரகரப்பு இல்லை, தரை கழுவிவிட்ட ஆஸ்பத்திரி மாதிரி. நாலாவது ஓடும்போது செக்குமாடு என்ற சொல் தானாகவே வந்தது.

குப்பை. அவன் சொன்னது சரி. இப்படிக் கேட்டால் குப்பைதான்.

ஏழாவது பாட்டைப் போடவில்லை. பஞ்சை எடுத்தேன். தெருவில் காய்கறி வண்டிக்காரர் இரண்டு பக்கமும் கத்திக்கொண்டு போனார்.

ஜூன் 13, புதன்

தண்ணீர் வந்தது. குடம் எல்லாம் நிறைந்தது.

ஸ்டுடியோ சிஸ்டத்தில் ஆல்பத்தை முழுதாக ஏற்றி, இடது பக்கத்தையும் வலது பக்கத்தையும் ஒன்றாகக் கலந்துவிட்டேன். இனி எந்தக் காதில் வைத்தாலும் எல்லாம் கேட்கும். சும்மா கலந்தால் டிரம்ஸ் மற்றதை மிதிக்கிறது. பாட்டுக்குப் பாட்டு தூக்கி இறக்க வேண்டியிருந்தது. ஒட்டன்சத்திரக் கல்யாண வீடியோ கிடப்பில். முதலாளி கேட்டால் சிஸ்டம் மாட்டிக்கொண்டது.

எவனோ வெட்டி ஒட்டியதை நான் மேலும் கெடுத்திருக்கிறேன். செய்தவன் பார்த்தால் உதைப்பான்.

மாலை வேடசந்தூர் ரோட்டில் மில் பஸ் நிற்கும் இடம். ஜெரால்டு நின்றான். கலந்த சிடியை நீட்டினேன்.

"என்னது?"

"கேளு."

"எதுக்கு?"

"கேளுன்னா கேளு."

டிபன் பையில் போட்டுக்கொண்டு ஏறினான். நன்றியும் இல்லை, முறைப்பும் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தான்.

ஜூன் 15, வெள்ளி

ஒன்றும் இல்லை. போன் இல்லை. செம்பட்டிக்காரர் இரண்டாவது காப்பி கேட்டார். நாதஸ்வரம் இன்னும் சத்தமாக வேண்டுமாம்.

ஜூன் 17, ஞாயிறு

ஸ்டுடியோவில் தனியாக இருந்தேன், ஒட்டன்சத்திரக் கல்யாணம் நாளை கொடுக்க வேண்டும். காற்று குறைந்திருக்கிறது. பதினொரு மணி போல ஜெரால்டு. கதவைச் சாத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"அமலி சொன்னாளா?"

"ஆமா."

"ம்." மானிட்டரில் நின்றிருந்த மணப்பெண்ணைப் பார்த்தான். "ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாக்கிக் குடுத்திருக்க. கேட்டேன். இருக்கா. சிரிக்கிறா. ஒத்துக்கிறேன்."

"மில்லுல?"

"நேத்து மேனேஜர்ட்ட நானே சொல்லிட்டேன். பேக்கிங் பக்கம் மாத்திட்டாக. அங்க சத்தம் இல்ல. மிச்சம் இருக்கிறதாவது இருக்கட்டும்."

முட்டாள்தனமாக வாயைத் திறந்தேன்.

"நீ சொன்னதும் ஒரு வகையில சரிதாம்லே. நானும் ஒத்தக் காதுல கேட்டுப் பாத்தேன். பாதி ஆல்பம் நிக்கல. இதெல்லாம் ரொம்ப நாள் தாங்காதுதான் போல."

ஸ்டூல் விழுந்த சத்தம். எழுந்து நின்றிருந்தான். முகம் கறுத்துவிட்டது.

"இதுக்குத்தாம்லே ஒன்கிட்ட சொல்லக் கூடாதுன்னேன்! பாவம் பாக்குறியா? கண்ணன் மாதிரிப் பேசுற! எனக்குக் காது போனா நீ தோத்துப்போவியா? அப்ப இத்தன வருசம் என்ன மயித்துக்குச் சண்ட போட்ட?"

"நான் அப்படிச் சொல்லலடா..."

"குப்பைன்னு நான் சொன்னது காதுனால மட்டும் இல்ல. நல்லாக் கேட்டப்பவே பாதி அப்படித்தான் தோணுச்சு. ஒன் மொகத்துக்காகச் சொல்லல. இப்பக் கேளு. வெட்டி ஒட்டுறது வித்தைம்ப. சரி, வித்தைதான். அது ஒத்தக் காதுலயும் நிக்கணும்ல? டீக்கடையில ஓட்ட ஸ்பீக்கர்ல, பஸ்ஸு சத்தத்துல, பாதி மட்டும் வந்தாலும் ஆளப் பிடிச்சு நிப்பாட்டுற பாட்டு எம்புட்டு இருக்கு! அதாம்லே நிலைக்கும். ஒனக்கு ஹெட்போன் வேணும், ரூம் வேணும், யாரும் பேசக் கூடாது. ஐசியூவுல கிடக்குற இசை அது. கரண்டு போனா செத்துரும்!"

சுருக்கென்றது. இரண்டு வாரமாக நான் எழுதி வைத்த ஒரு பதிலுக்கும் இது அகப்படவில்லை. அவன் திரும்பி மணப்பெண்ணைப் பார்த்தபடி இடுப்பில் கை வைத்து நின்றான், ஜெயித்துவிட்ட மாதிரி. இடது கன்னம் என் பக்கம். அந்த நிற்பைப் பார்த்ததும் பாவம் எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. ரத்தம் ஏறியது.

"டீக்கடையில நிக்கிறதுதான் நிலைக்கும்னா ஊறுகா விளம்பரம்தான்டா உலகத்துலயே பெரிய இசை!" என்றேன்.

"என்ன?" என்றான், திரும்பாமல்.

மேஜையைச் சுற்றி வலது பக்கம் போய் நின்று, முதலிலிருந்து கத்தினேன்.