எட்டுப் படையலில் தக்காளிக்காய்

ஓகஸ்ட் 4, ஞாயிறு

இந்த முறையும் காகத்துக்கு முந்தி நாங்கள் பிடுங்கிவிட்டோம். பல்கனியில் நாலு தக்காளிச் செடி நிற்கிறது. ஆனால் வெள்ளவத்தையில் ஒரு தக்காளி சிவந்து நான் கண்டதில்லை. நிறம் கொஞ்சம் மாறினால் போதும், காகம் கொத்திவிடும். அதனால் காயாகவே பிடுங்கிப் பொரிப்பதுதான் எங்கள் வழக்கம்.

சிறி கப்பலில் எஞ்சினியராக இருந்த காலத்தில், அமெரிக்காவின் தெற்குப் பக்கம், சவானா துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு சாப்பாட்டுக் கடையில் இதைத் தின்றுவிட்டு வந்தவர். கலியாணம் முடித்த முதல் மாதமே என்னை ஆக்கினைப்படுத்தத் தொடங்கினார். "வெளியில மொறுமொறு, உள்ளுக்கை புளிப்பு." இவ்வளவுதான் அவர் தந்த செய்முறை. முதல் தரம் கோன்ஃபிளவரில் புரட்டிப் பொரித்தேன், பசை மாதிரி வந்தது. பிறகு காய்ந்த சோளம் வாங்கி, கொட்டாஞ்சேனையில் அம்மா வீட்டுக்குப் பக்கத்து மில்லில் ரவைப் பதத்தில் அரைப்பித்தேன். இப்போது கை பழகிவிட்டது. காயை வட்டமாக வெட்டி உப்புத் தடவி வைத்தால் தண்ணீர் விடும். அதை ஒற்றி எடுத்து, மோரில் தோய்த்து, மிளகுத்தூள் கலந்த சோள ரவையிலும் மாவிலும் புரட்டி, நன்றாகக் காய்ந்த எண்ணெயில் போட வேண்டும். அவசரப்பட்டுத் திருப்பினால் மா கழன்றுவிடும். நான் பொறுமையாகச் செய்கிற ஒரே வேலை இதுதான்.

கௌரி மச்சாள் வழக்கம்போலத் தமையனைப் பார்க்க வந்து ஹோலில் இருந்தா. தட்டை நீட்டினேன். "இப்பதான் சாப்பிட்டிட்டு வந்தனான்." இருபத்துநாலு வருஷமாக அதே வசனம்! நான் கொட்டாஞ்சேனை வேதக்காரி, மாதா கோயிலுக்குப் போகிறவள்; அவை யாழ்ப்பாணத்துச் சைவச் சமயம். என் கையால் பச்சைத் தண்ணியும் குடிக்கமாட்டா. சிறி ரண்டு துண்டை ஒன்றாக வாய்க்குள் போட்டுக்கொண்டு, "உனக்குத்தான் நட்டம்" என்றார். அவருக்குச் சிரிப்பு. எனக்கு இண்டைக்கும் கோபம்தான் வந்தது.

ஓகஸ்ட் 10, சனி

இன்னும் ரண்டு குலை காய்ச்சிருக்கு. சிறி பேப்பரைச் சுருட்டி வைத்துக்கொண்டு காகத்துக்குக் காவல். காகம் இவரைக் கணக்கெடுக்கிறேல்ல.

ஓகஸ்ட் 14, புதன்

சிறி போயிட்டார். காலமை நெஞ்சு நோகுது எண்டார். ஆஸ்பத்திரி வாசலுக்குப் போக முந்தி எல்லாம் முடிஞ்சுது. எழுத ஏலாமல் இருக்கு.

ஓகஸ்ட் 17, சனி

நேற்று கனத்தை மயானத்தில் தகனம். மகன் கார்த்திகன் கொள்ளி வைத்தான்.

எல்லாம் மச்சாள்தான் பார்க்கிறா. ஆர் எங்கே இருக்கிறது, விளக்கு எந்தப் பக்கம், ஆருக்குத் தேத்தண்ணி — எல்லாம். வாற சனம் அவவிடம் துக்கம் விசாரித்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிப்போட்டுப் போகுது. எட்டாம் நாள் வரைக்கும் எண்ணெய்ச்சட்டி அடுப்பில் ஏறக்கூடாதாம். சரி, ஏற்றேல்ல. எனக்கும் சாப்பாடு இறங்கவில்லைதான். ஆனால் இது என்ர குசினி. அதையும் மற்றவை சொல்லித்தான் நான் கேட்கவேணுமோ?

ஓகஸ்ட் 18, ஞாயிறு

நித்திரை வரேல்ல. வராட்டிப் போகட்டும், எழுதத்தான் போறன்.

புதன்கிழமை எட்டுச் செலவு. செத்தவருக்கு விருப்பமானதெல்லாம் சமைச்சு, படத்துக்கு முன்னால படைக்கிறது. மீன், இறைச்சி, ஒரு சொட்டுச் சாராயம்கூட வைப்பினமாம். எங்கட சமயத்தில இது இல்லை, பூசைதான் ஒப்புக்குடுப்பம். ஆனா கேட்ட உடனை எனக்குப் பிடிச்சுது. மனுசனுக்கு ஆசையானதைக் குடுத்து அனுப்பிறது நல்ல காரியம்தானே.

மச்சாள் சொன்னா, நண்டுக்கறி, கணவாய், பருத்தித்துறை வடை, எல்லாம் தானே சமைச்சுக் கொண்டு வாறாவாம்.

"தக்காளிக்காய் நான் பொரிக்கிறன்" எண்டன்.

"எவ்லின், நீர் வேதம். படையலில கை வைக்கக்கூடாது."

எவ்வளவு மெதுவாச் சொன்னா! கத்தியிருந்தா நானும் கத்தியிருப்பன்.

"அதோட அண்ணாவுக்குத் தக்காளியே பிடிக்காது. சொதியில கிடந்தாலே எடுத்து எறியிறவர்."

அது எப்பத்தையான் கதை? பள்ளிக்கூடம் போன காலத்துக் கதை. ரண்டு கிழமைக்கு முந்தி இவவின்ர கண்ணுக்கு முன்னாலதானே ரண்டு துண்டை ஒண்டா வாய்க்குள்ள போட்டவர்! அந்தப் பெடியனைத்தான் இவவுக்குத் தெரியும். நான் குடும்பம் நடத்தினது கிழவனாகிற வரைக்கும் என்னோட இருந்த மனுசனோட. அவருக்கு என்ன பிடிக்கும் எண்டு நான் சொல்லக்கூடாதாம்! அப்ப நான் ஆர்? இவ்வளவு காலமும் இந்த வீட்டில என்ன வாடகைக்கோ இருந்தனான்?

கார்த்திகன் வந்து, "அம்மா, விடுங்கோவன். ஒரு நாள்தானே" எண்டான். ஒரு நாளோ? எனக்கும் இவருக்கும் இனிக் கிடக்கிறதே அந்த ஒரு நாள்தான். அவனுக்கு நல்லா ஏச்சு விழுந்தது. பாவம், அவன் என்ன செய்வான்.

பின்னேரம் மச்சாள் அவனுக்கு முறை சொல்லிக் குடுத்தா. படைச்சு முடிய உரித்துக்காரர் எல்லாரும் எல்லாத்திலயும் ஒரு வாயெண்டாலும் சாப்பிட வேணுமாம், இல்லாட்டிப் போனவருக்குப் போய்ச் சேராதாம். நானும் கேட்டுக்கொண்டுதான் நிண்டன்.

ஓகஸ்ட் 20, செவ்வாய்

காய் பிடுங்கியாச்சு. யேசுவே, பிழையெண்டா மன்னியும். மன்னிக்காட்டிலும் பொரிக்கத்தான் போறன்.

ஓகஸ்ட் 21, புதன்

பொரிச்சன்.

பின்னேரம் மச்சாள் சட்டி சட்டியாக் கொண்டுவந்து இறக்கினா. பொய் சொல்லக்கூடாது, நண்டுக்கறி நல்ல வாசம். அவ ஹோலில இலை போட்டுக்கொண்டிருக்க, நான் அடுப்பை மூட்டி எண்ணெய்ச்சட்டியை வைச்சன். முதல் துண்டு சீறின சத்தத்துக்கே குசினி வாசலுக்கு வந்திட்டா.

"எவ்லின், என்ன செய்யிறீர்?"

"பொரிக்கிறன்."

"நான் சொன்னதெல்லே?"

"சொன்னீங்கள். நான் ஓமெண்டு சொல்லேல்லயே."

"சனம் வந்திருக்கு. இண்டைக்கும் பிடிவாதமே?"

"இண்டைக்குத்தான் மச்சாள் பிடிவாதம். என்ர மனுசனுக்கு நான் பொரிக்கிறதை நிப்பாட்ட வேணுமெண்டா, நீங்கள் வந்து அடுப்பை நூருங்கோ."

நூர்க்கேல்ல. அப்பிடியே நிண்டா. கார்த்திகன் அவவுக்குப் பின்னால வந்து நிண்டான். இவனும் விடுங்கோவன் எண்டுதான் சொல்லப்போறான் எண்டு நினைச்சன். அவன் மாமியை விலத்திக்கொண்டு உள்ளுக்கு வந்து, தட்டைத் தூக்கிக்கொண்டுபோய், படத்துக்கு முன்னால இருந்த இலையில, நண்டுக்குப் பக்கத்தில வைச்சான். கொள்ளி வைச்ச பிள்ளை வைச்சதை ஆர் எடுக்கிறது?

கற்பூரம் காட்டிக் கதவைச் சாத்திப்போட்டு எல்லாரும் வெளியில நிண்டம். சிறி வந்து சாப்பிட்டாரோ தெரியாது. நான் நம்பிறனோ எண்டும் தெரியாது. ஆனா சூடாப் போய்ச் சேர வேணுமெண்டு கும்பிட்டன்.

பிறகு சாப்பாடு. நான்தான் பரிமாறினன், ஆரையும் கேக்கேல்ல. மச்சாளின்ர இலைக்கு வந்து ரண்டு துண்டு வைச்சன். அவ அண்ணாந்து என்னைப் பார்த்தா. நானும் பார்த்தன். இப்பதான் சாப்பிட்டிட்டு வந்தனான் எண்டு படையலுக்குச் சொல்ல ஏலாது. அவ சொன்ன முறைதான்.

எடுத்துக் கடிச்சா. மொறுமொறுவெண்டு சத்தம் கேட்டுது. எனக்குப் பாவமா இருந்திருக்க வேணும். இல்லை, நல்ல சந்தோசமா இருந்தது. செத்த வீட்டில இப்பிடி எழுதக்கூடாதெண்டு தெரியும்.

ரண்டாவது துண்டையும் சாப்பிட்டு முடிச்சா. பிறகு இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னா, "ஒவ்வொரு ஞாயிறும் ஹோலில இருந்து இந்த வாசத்தைப் பிடிச்சுக்கொண்டுதான் இருந்தனான். ஒருக்காத் திண்டு பார் எண்டு அண்ணா கேட்டுக்கொண்டே இருந்தவர் எவ்லின்." அதுக்குப் பிறகுதான் அழுதா. தகனத்திலகூட அப்பிடி அழேல்ல.

நான் பக்கத்தில இருந்தன். கையைப் பிடிக்கேல்ல. இன்னொரு துண்டு வைச்சன்.

செப்டெம்பர் 12, வியாழன்

நாளைக்கு அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள். நாற்பது பேருக்குச் சைவச் சாப்பாடு. குசினியில் நிற்கிறது நான்.

காலமை வெங்காயம் உரித்துக்கொண்டிருக்க, ஹோலில் மச்சாளுக்குக் கனடாவில் இருந்து அழைப்பு வந்தது. அவையின் சித்தப்பா முறையான ஒருவர். ஆர் சமையல் என்று கேட்டிருப்பார்போல.

"எவ்லின்தான் சமைக்கிறா... ஓம், வேதம்தான். அதுக்கென்ன? ... இல்லைச் சித்தப்பா, வெளியில ஆளெடுக்கேல்ல. அண்ணாவின்ர மனுசி இருக்கேக்க வெளியில ஏன்? ஆருக்கும் சாப்பிட மனமில்லையெண்டா வராமல் நிக்கட்டும்."

இவ்வளவு காலமும் அந்த வாய் எங்கே போயிருந்தது? இருபத்துநாலு வருஷத்தை நான் மறக்கவில்லை, மறக்கப்போறதும் இல்லை. ஆனாலும் கத்தியை வைத்துவிட்டுத் தேங்காய்த் திருவலையை எடுத்து வைத்தேன்.

பிறகு குசினியில் நின்றபடியே கூப்பிட்டேன். "மச்சாள், கதைச்சது காணும். இங்க தேங்காய் திருவ ஆளில்லை."

வந்தா.